புறநகர்க் குடியேற்றம்

தோற்றுவாய்

மாநகரிலே தொழிலும் மாநகர்க்குப் புறத்தே வீடுமாக வாழ்வது இற்றை நாளிற் பல்லாயிரம் குடும்பங்களின் நிலையாயிற்று. சென்னையில் அலுவல் பார்க்கும் ஒருவரை நோக்கி, "தாங்கள் குடியிருப்பது எங்கே?" என்று வினவின், "தாம்பரத்துக்கு அப்பால்" என்றோ, "வண்டலூர்ப் பக்கம்" என்றோ விடை வருதல் பெரும்பான்மை. கல்லூரியை விட்டு நீங்கும் மாணவர் பலரும், பட்டமும் பணியும் மணமும் பெற்றபின், இவ்வினாவைத் தாமும் ஒரு நாள் எதிர்கொள்வர். நகருக்குள் நெருங்கிய சிறு வீட்டில் வாடகைக்கு இருப்பதா? நகர்க்குப் புறத்தே சென்று, பிள்ளைகள் ஓடியாடுதற்கு இடமுள்ள ஒரு மனையைத் தேடுவதா? செல்வதாயின், எவற்றை ஆராய்ந்து செல்வது? இவற்றை இயன்ற அளவு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். யாம் மனை விற்போரும் அல்லேம், வாங்கினோரும் அல்லேம். ஆதலின் எப்பக்கமும் சாயாது கூறுதல் எமக்கு எளிது.

புறநகர் என்பது ஆங்கிலேயர் கொணர்ந்த புதுப்பொருள் என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. கோவலனும் கண்ணகியும் மதுரையை அடைந்தபோது முதலில் தங்கியது நகருக்குள் அன்று. மதிற்குப் புறத்தேயிருந்த புறஞ்சேரியில். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே "புறஞ்சேரி இறுத்த காதை" என்று பெயர். நகரிற் பொருளீட்ட வந்த ஒரு குடும்பம், நகரின் விளிம்பில் முதலில் இடம் தேடியது என்பதே அதன் கதைப்போக்கு. ஈராயிரம் ஆண்டுகளை நெருங்கும் இப்பழக்கம் இன்று புகைவண்டியும் வங்கிக் கடனும் சேர்ந்து பெருகியிருக்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

ஊர்கள் புறநகரான வகை

சென்னைக்குத் தெற்கே, கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை செல்லும் இருப்புப்பாதையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையிலே 1931-ஆம் ஆண்டில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. கரிவண்டி போல் நின்று புறப்படுதற்கு நேரம் கொள்ளாது, நிலையந்தோறும் நின்று விரைந்து செல்லும் அவ்வண்டிகளே தென்புறத்து ஊர்களை நகரோடு பிணைத்தன. அன்று மீட்டர் அகலப் பாதையில் ஓடிய வண்டிகள் 2004-ஆம் ஆண்டோடு நின்று, அகலப்பாதை வண்டிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. பாதை மாறினும் பயன் மாறவில்லை. காலை மாலை அவ்வண்டிகளில் நின்றுகொண்டே செல்லும் கூட்டத்தைக் காண்பார்க்கு, புறநகர் என்பது நிலத்தின் மேலன்றித் தண்டவாளத்தின் மேல் எழுந்த ஊர் என்பது விளங்கும்.

இவ்வழியிலுள்ள ஊர்களின் வரலாறும் அறியத்தக்கதே. குரோம்பேட்டை, குரோம் முறையால் தோல் பதனிட்ட தொழிற்சாலையாற் பெயர் பெற்றது. அடுத்துள்ள தாம்பரம் சானடோரியம், டாக்டர் சௌரி முத்து என்பார் 1928-ஆம் ஆண்டில் நிறுவிய காசநோய் நலவில்லத்தால் வந்த பெயர். நுரையீரல் நோயுற்றோர் தூய காற்றை நாடிச் சென்ற இடம் அது. இன்றும் அங்கே அரசினர் நெஞ்சக மருத்துவமனை நடைபெறுகின்றது.

தமிழ் பயில்வார் மறத்தற்கு அரியது பல்லாவரம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக விளங்கிய மறைமலையடிகள், பணியை விட்டு நீங்கியதும் குடும்பத்தோடு பல்லாவரத்துக்கே குடிபெயர்ந்தார். மின்சார வண்டிக்கு இருபது ஆண்டு முற்பட்ட காலம் அது. நகரின் இரைச்சல் நீங்கிய அவ்வூரில் நூல்களைத் தொகுத்தும் எழுதியும் அடிகள் 1950-இல் மறையுந்துணையும் வாழ்ந்தார். பின்னாளில், நகரின் நெருக்கத்தைக் குறைத்தற்கென அவ்வழியில் மேலும் தெற்கே அமைக்கப்பெற்ற துணைநகருக்கு மறைமலைநகர் என்று அவர் பெயரே இடப்பட்டது. புறநகர்க்குச் சென்ற ஆசிரியர் ஒருவரின் பெயரை ஒரு புறநகரே தாங்கி நிற்பது பொருத்தமன்றோ!

தனி மனிதரேயன்றி நிறுவனங்களும் குடிபெயர்ந்தன. அச்சென்னைக் கிறித்துவக் கல்லூரியும், நூறாண்டு நகரின் நடுவே இருந்தபின், 1937-ஆம் ஆண்டில் தாம்பரத்துக் காட்டுநிலத்துக்குப் பெயர்ந்தது. இடம் நெருங்கியதால் நகரை விட்டு நீங்கியது என்னும் ஒரே காரணம், கல்லூரிக்கும் பொருந்தும், குடும்பத்துக்கும் பொருந்தும்.

இங்ஙனம் வளர்ந்த ஊர்கள் இன்று ஊர்கள் அல்ல. 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் முதலிய நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி எனத் தனியே ஆயின. 2023 டிசம்பரிலே வெளியூர்ப் பேருந்துகளுக்குரிய பெருநிலையம் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டது. நேற்றைய புறநகர் இன்றைய நகர். இன்றைய வயல் நாளைய புறநகர். ஆதலின் குறைந்த விலையை நாடுவோர் ஆண்டுதோறும் மேலும் மேலும் தெற்கே செல்ல வேண்டியவராகின்றனர்.

விலை வேறு, செலவு வேறு

மக்கள் புறநகரை நாடுதற்கு முதற் காரணம் பணம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நகருக்குள் வாடகை மிகுதி. அதன்மேல் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் சென்னையில் நெடுநாளாக வேரூன்றியது. பிள்ளை பிறந்ததும் ஓர் அறை போதாது. முதிய பெற்றோர் வந்ததும் இரண்டு அறையும் போதா. ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் குறிப்பறிந்து வீடு மாற்றுவதினும், தொலைவாயினும் சொந்த வீடு நன்று என்று எண்ணுதல் இயல்பே.

ஆயினும் ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். விலை குறைவு என்பது வேறு. செலவு குறைவு என்பது வேறு. விலை ஒரு நாள் கொடுப்பது; செலவு நாள்தோறும் கொடுப்பது. கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டுமென்று நம் ஆண்டவர் கூறிய உவமை, வீடு கட்டுவார்க்கும் ஏற்றதே. அவ்வாறே நாமும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

முதலாவது, கடன். முப்பது இலட்ச ரூபாயை நூற்றுக்கு ஒன்பது வட்டியில் இருபது ஆண்டுக்குக் கடன் கொள்வதாக வைத்துக்கொள்வோம். திங்கட்டவணை ஏறக்குறைய 27,000 ரூபாய் ஆகும். இருபது ஆண்டும் தவறாது கட்டி முடித்தால், கட்டிய தொகை ஏறக்குறைய 64 இலட்சத்து 78 ஆயிரம். அஃதாவது, கொண்ட கடனினும் வட்டி மிகுதி. இது வங்கியின் குற்றமன்று, காலத்தின் விலை. ஆனால், "வாடகை கொடுக்கும் பணத்தைத் தவணையாகக் கொடுத்தாற் போதும்" என்று சொல்லுவார் சொல்லை அப்படியே நம்பாமல், வாடகையையும் தவணையையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்த்தல் கடன். இரண்டாவது, பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் 2023 முதல் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்பது ஆகின்றன. இருபது இலட்ச ரூபாய் மனைக்கு இது ஓர் இலட்சத்து எண்பதினாயிரம். இத்தொகைக்குப் பெரும்பாலும் கடன் கிட்டாது. கையிருப்பிலிருந்தே கொடுக்க வேண்டும். மகளிர் நகை அடகுக்குப் போவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

மூன்றாவது, பிரயாணம். புறநகர் வண்டிக் கட்டணம் மிகக் குறைவு. இரண்டாம் வகுப்பிலே தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் பத்து ரூபாய்தான். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்டிர்க்குக் கட்டணமும் இல்லை. வீட்டு வேலைக்கும் கடைவேலைக்கும் செல்லும் தாய்மார்க்கு இதனால் திங்கள்தோறும் மிஞ்சும் பணம் சிறிதன்று. ஆயினும் நிலையத்திலிருந்து வீடு மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே இருப்பின், ஆட்டோ வண்டிக்கு ஒரு முறை கொடுப்பது ஒரு வாரத்து இரயிற் கட்டணத்தை விழுங்கிவிடும். ஆதலின் "நகரிலிருந்து எத்தனை தொலைவு?" என்பதினும், "நிலையத்திலிருந்து எத்தனை தொலைவு?" என்பதே கேட்கத்தக்க வினா.

காலம் என்னும் செல்வம்

பணத்திற் கணக்கிட இயலாத செலவு ஒன்று உண்டு, அது காலம். வீட்டு வாயிலிலிருந்து அலுவலக வாயில் வரை ஒன்றரை மணி நேரம் ஆவதாகக் கொள்வோம். போக வர மூன்று மணி. ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை எனின், தொள்ளாயிரம் மணி நேரம். அஃதாவது இரவு பகல் சேர்ந்த முப்பத்தேழரை நாள். ஆண்டில் ஒரு திங்களுக்கு மேல் ஒருவர் வண்டியிலேயே வாழ்கின்றார்! பிள்ளைகளுக்கு நல்ல காற்றும் வெளியும் கிட்ட வேண்டுமென்று குடிபெயர்ந்த தந்தை, அப்பிள்ளைகள் விழிப்பதற்கு முன் புறப்பட்டு அவர்கள் உறங்கிய பின் திரும்புவாராயின், அவர் வாங்கியது என்ன? விற்றது என்ன?

நம் ஆண்டவரும் தமது இறுதி வாரத்தில் பகலில் எருசலேமிற் போதித்து, மாலையிலே பெத்தானியாவுக்குத் திரும்பித் தங்கினார் என்று நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. அவ்வூர் நகர்க்கு இரண்டு மைல் அளவே. நடந்து சென்று, மார்த்தாள் மரியாள் வீட்டில் அமரத்தக்க தொலைவு. நம் தாம்பரமோ கடற்கரைக்குப் பதினெட்டு மைல்! மாலைப் பொழுதை வீட்டிற் கழித்தற்கு இயலும் தொலைவே குடும்பத்துக்கு ஏற்ற தொலைவு என்பது எம் கருத்து. மனையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மகிழுந்திற் சென்று, "அரைமணியில் வந்துவிட்டோம்" என்று மகிழ்தல் பயனில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, தாம் நாள்தோறும் செல்லவிருக்கும் அதே வண்டியில், ஒரு முறையேனும் சென்று பார்த்தல் வேண்டும்.

நிலமும் நீரும்

இனி இக்கட்டுரையின் தலையாய பகுதிக்கு வருகின்றோம். தொண்டை நாட்டில் வற்றாத பேராறுகள் இல்லை. ஆதலின் நம் முன்னோர் நிலச்சரிவுக்குக் குறுக்கே நீண்ட கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். ஓர் ஏரி நிரம்பியதும் அதன் மிகைநீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயாற் சென்று, தாழ்ந்த நிலத்திலுள்ள அடுத்த ஏரியை நிரப்பும். இவ்வாறு ஏரிகள் ஒன்றோடொன்று சங்கிலி போற் பிணைந்தவை. சிட்லபாக்கம், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கிச் செல்வது. தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள ஊர்களின் நீர் அடையாற்றை நோக்கிச் செல்வது. பயிர் செய்வார் குறைந்து வயல்கள் மனைகளானபோது, இச்சங்கிலியின் கண்ணிகள் அறுந்தன. கால்வாய் தெருவாயிற்று, ஏரியின் நீர்ப்பிடி நிலம் "நகர்" என்னும் பெயர் பெற்றது. இது புறநகரில் மட்டும் நேர்ந்ததன்று. சென்னையின் தியாகராயநகரும் 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியின் மேல் எழுந்ததே.

நிலம் தன் பழைய இயல்பை மறப்பதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்திலே ஒரே நாளில் ஏறக்குறைய 49 செண்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களிலே வீடுகள் வெள்ளத்தில் மூழ்க, மக்களைப் படகிலேற்றி மீட்க நேர்ந்தது. 2023 டிசம்பரில் வந்த மிக்சாம் புயலின்போது அவ்விடங்களே மீண்டும் நீரில் நின்றன. மணலின்மேல் வீடு கட்டினவனைப் பற்றி ஞாயிறுதோறும் கேட்கும் நாம், ஏரியினுள் வீடு கட்டினவனைப் பற்றி எண்ணுவதில்லை. அவ்வீடுகளைக் கட்டினோர் அறிவிலிகள் அல்லர். பெரும்பாலும் சேமிப்பெல்லாம் கொட்டி முறையாகப் பத்திரம் எழுதிக்கொண்டோரே. விலை ஏன் குறைவு என்று எவரும் அவர்க்குச் சொல்லவில்லை. விலை குறைந்த நிலம் சிலபோது நீர் நிற்றலால் குறைந்த நிலம்.

ஆதலின் மனையை எக்காலத்திற் பார்ப்பது என்பதும் ஒரு கலை. சித்திரை வெயிலிற் பார்த்தால் எந்நிலமும் மேட்டுநிலமே. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில், விடாமழை பெய்த மறுநாள் சென்று பார்த்தலே முறை. அண்டை வீட்டுச் சுவர்களில் நீர் நின்ற கறை உளதா, வீடுகளின் அடித்தளம் தெருவினும் எத்தனை அடி உயர்ந்திருக்கின்றது, தெருவின் பெயர் ஏரிக்கரையையோ மதகையோ குறிக்கின்றதா என்று நோக்குக. அவ்வூரிற் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரைக் கண்டு, "பாட்டா, இங்கே முன்னே என்ன பயிர் செய்தார்கள்?" என்று வினவுக. விற்போரின் வண்ணத்தாள் கூறாத உண்மையை அவர் ஒரு சொல்லிற் கூறிவிடுவார்.

வெள்ளத்துக்கு மறுபுறம் வறட்சி. கார்த்திகையில் வாயிலில் நிற்கும் நீர் வைகாசியில் கிணற்றில் இராது. குழாய்நீர் எட்டாத தெருக்களில் லாரி நீரை நம்பியே பலர் வாழ்கின்றனர். ஆழ்குழாய்க் கிணறு எத்தனை அடியில் நீர் தருகின்றது, அந்நீர் குடிக்கத்தக்கதா, கோடையில் ஒரு லாரி நீருக்கு என்ன விலை என்பவற்றையும் அத்தெருவில் இருப்பாரிடமே கேட்டறிதல் வேண்டும்.

ஆவணங்கள்

நிலம் நன்றாயினும் உரிமை நன்றாக இல்லையேல் பயனில்லை. விற்பவருக்கு அந்நிலம் வந்த வழியைக் காட்டுவது தாய்ப்பத்திரம். அதன்மேல் அடகோ வேறு விற்பனையோ பதிவாகியிருப்பின் அதனைக் காட்டுவது வில்லங்கச் சான்று. வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயரில் உள்ளதென்பதைக் காட்டுவது பட்டா. நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டுவது புலப்படம். நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்னும் வகையை அ-பதிவேட்டிற் காணலாம். இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. பத்திரம் பதிவாயிற்று என்பதனாலேயே உரிமை உறுதியாகிவிடாது. பதிவாளர் உரிமைக்குப் பிணை நிற்பவர் அல்லர்.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் உண்டா என்பது அடுத்த வினா. "பஞ்சாயத்து ஒப்புதல் பெற்றது" என்று விளம்பரப் பலகையில் எழுதி விற்கும் வழக்கம் பல்லாண்டு நடந்தது. சென்னைப் பெருநகர் எல்லைக்குள் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், பிறவிடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் வரைபடத்தை ஆராய்ந்து இசைவு தருதல் வேண்டும். ஊராட்சியின் முத்திரை மட்டும் போதாது. ஒப்புதலற்ற மனைகளைப் பதிவு செய்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்தது. அன்று மனை வைத்திருந்த எண்ணற்ற சிறு குடும்பங்கள் விற்கவும் இயலாது கட்டவும் இயலாது திகைத்தன. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் ஒன்றை அறிவித்த பின்னரே அவர்க்கு வழி பிறந்தது.

2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் வாங்குவார்க்கு ஒரு நல்ல கருவி. ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ அமையும் திட்டங்களை ஒழுங்குமுறை ஆணையத்திற் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்தலும் விற்றலும் கூடா. பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, ஆணையத்தின் பதிவேட்டில் ஒப்புநோக்குதற்கு ஒரு நாழிகையும் ஆகாது. இருபது ஆண்டு உழைப்பைக் கொடுக்கும் ஒருவர் இவ்வொரு நாழிகையைக் கொடுத்தற்கு ஏன் தயங்க வேண்டும்?

குடும்பத்துக்கு ஏற்ற ஊர்

"குடும்பங்களுக்கு ஏற்ற இடம்" என்று எல்லா மனைப்பிரிவும் தன்னைச் சொல்லிக்கொள்ளும். அது சொல்லால் ஆவதன்று. பிள்ளை தானே நடந்து செல்லத்தக்க தொலைவில் தொடக்கப்பள்ளி உண்டா? இரவில் திடீரென நோயுற்றால் எட்டத்தக்க மருத்துவர் உளரா? கல்லூரியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பெண், நிலையத்திலிருந்து வீடு வரை அஞ்சாது நடத்தற்குத் தெருவிளக்கு எரிகின்றதா? முதியோர் மாலையில் அமர ஒரு மரநிழல் உண்டா? இந்நான்குக்கும் ஆம் என்னும் விடை கிடைப்பின், அவ்வூர் குடும்பத்துக்கு ஏற்ற ஊர்.

பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளிலே, சாலை நீங்கிய நிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பொதுத் திறந்தவெளியாக விடப்பட்டு உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட வேண்டுமென்பது விதி. பிள்ளைகளின் விளையாட்டிடம் அது. வரைபடத்தில் பசுமையாகத் தீட்டப்பட்ட அவ்விடம் நிலத்தில் எங்கே இருக்கின்றது என்று தேடிப் பார்த்தல் நன்று. அங்கே கட்டடம் எழுந்திருப்பின், பிள்ளைகளின் பங்கை யாரோ உண்டுவிட்டார் என்று அறிக.

ஆயினும் எல்லாம் அமைந்த ஊர் என்று ஒன்று எங்கும் விற்பனைக்கு வருவதில்லை. ஊர் என்பது குடியேறியோர் ஆக்குவது. சிட்லபாக்கம் ஏரி குப்பையாலும் கழிவுநீராலும் கெட்டபோது, அங்கே குடியிருப்போர் நெடுங்காலம் விண்ணப்பித்தனர். 2019-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் ஏரி வற்றியபோது, அவர்கள் கூடி மண்வெட்டி எடுத்துத் தாமே தூர்வாரத் தொடங்கினர். பின்னர் அரசும் நிதி ஒதுக்கி அவ்வேரியைச் சீர்செய்தது. அந்த ஏரிக்கரையில் இன்று மாலையில் நடப்போர் பலர். அவர்கள் வாங்கிய மனையின் விலையில் அந்த ஏரி அடங்கியதன்று. உழைத்துப் பெற்றது அது.

விரும்பாது பெயர்ந்தோர்

இதுகாறும் விருப்பத்தாற் குடிபெயர்வாரைப் பற்றியே பேசினோம். விரும்பாமலே புறநகர்க்கு அனுப்பப்பட்டாரையும் மறத்தல் அறமன்று. நகரின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் குடிசையில் வாழ்ந்தோரை, 2000-ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில் அரசு குடியேற்றியது. பதினையாயிரத்துக்கு மேற்பட்ட சிறு வீடுகள் அங்கே உள்ளன. கூரைக்கு மாறாக மாடிவீடு கிட்டியது உண்மை. ஆனால் நகரின் வீடுகளிற் பாத்திரம் துலக்கியும் சந்தையில் மூட்டை சுமந்தும் வாழ்ந்தோர்க்கு, நடந்து சென்ற வேலை நெடுந்தொலைவாயிற்று. பள்ளி மாறிய பிள்ளைகளிற் படிப்பை விட்டோரும் உளர். அலுவலருக்கு உரிமையாகத் தோன்றும் அதே தொலைவு, நாட்கூலிக்காரருக்கு நாடுகடத்தலாகத் தோன்றுகின்றது. தொலைவு ஒன்றே; தெரிவு செய்யும் உரிமை உண்டா இல்லையா என்பதே வேறுபாடு. நகரிலிருந்து புறத்தே சென்று துன்புற்ற மக்களின் குடியிருப்புக்கு, புறஞ்சேரியில் தங்கிய கண்ணகியின் பெயரே வாய்த்தது எண்ணி வருந்தத்தக்கது.

மேலும், நாம் மனை வாங்கும் இடம் எவருமற்ற வெற்றிடம் அன்று. பாக்கம் என்று முடியும் அவ்வூர்களில் நாம் வருமுன்னரே உழவரும் ஆயரும் மீன்பிடிப்போரும் இருந்தனர், இன்றும் உளர். புதிய மதிலெழுப்பி அதனுள் மட்டும் வாழ்ந்து, பழைய ஊரின் குளத்துக்குக் கழிவுநீரை அனுப்புவோர் குடியேறியவர் அல்லர், படையெடுத்தவர்.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்து உரைப்பின், புறநகர்க்குக் குடிபெயர நினைப்பார் விலையை மட்டும் நோக்காது, தவணையும் பிரயாணமும் சேர்ந்த முழுச்செலவை நோக்குக. மாலையில் வீடு திரும்பும் நேரத்தை நோக்குக. கார்த்திகை மாதத்து நிலத்தையும் வைகாசி மாதத்துக் கிணற்றையும் நோக்குக. ஆவணங்களை ஒவ்வொன்றாக ஒப்புநோக்குக. இவற்றால் தேறிய இடம் சிறிது தொலைவாயினும், சிறிது சிறிதாயினும், அஞ்சாது செல்லலாம். தேறாத இடம் எவ்வளவு மலிவாயினும், வாடகை வீட்டில் இன்னும் இரண்டு ஆண்டு இருத்தல் இழுக்கன்று.

சென்றபின் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மதுரைப் புறத்தே வந்தடைந்த கண்ணகியை ஆயர்மகள் மாதரி ஏற்றுக்கொண்டு, செம்மண் பூசிய சிறு மனையில் அமர்த்தி, சமைத்தற்குக் காயும் கலமும் அரிசியும் கொடுத்து, தன் மகள் ஐயையைத் துணையாக விட்டாள். புதிதாக வந்தோர்க்கு முதல்நாள் சமையலுக்கு வேண்டியவற்றை அண்டை வீட்டார் கொடுப்பதே ஊரின் முதல் அடையாளம். வங்கி கொடுப்பது வீடு. மாதரிகள் கொடுப்பது ஊர். நம்முள் நாளை புறநகரிற் குடியேறுவார் எவராயினும், அடுத்த மனையில் லாரியிலிருந்து சாமான் இறங்கக் காணும்போது, ஒரு குடம் நல்ல நீரோடு சென்று கதவைத் தட்டுவாராக. அத்தகைய ஊர்கள் பெருக இறைவன் அருள்புரிவானாக.